செருப்பு பொருந்துகிறதா என்று காலிடம் கேட்காதீர்கள்

நான் தையல்காரன். 35 வருடமாக அடுத்தவர் உடம்பை அளப்பதுதான் பிழைப்பு. சர்க்கரை வந்து 19 வருடம் ஆகிறது. 6 வருடத்துக்கு முன்னால் ஒரு சாயங்காலம் மெஷினை மூடிவிட்டு ஷூவையும் சாக்ஸையும் கழற்றினேன். எதிரே உட்கார்ந்து காஜா எடுத்துக்கொண்டிருந்த என் மனைவி, "என்னங்க, உள்ளங்கால்ல என்ன அது?" என்றாள். குனிந்து பார்த்தேன். இடது பெருவிரலுக்குப் பின்னால் இருக்கும் மேட்டில் வட்டமாக ஒரு பள்ளம். அந்தப் பள்ளத்துக்குள் கடுகு போல நான்கு சின்னச் சின்ன மேடுகள். ஷூவைக் கவிழ்த்துத் தட்டினேன். நாலு துளை போட்ட சட்டைப் பட்டன் ஒன்று விழுந்து உருண்டது.

காலையில் இருந்து அந்தப் பட்டன் மேல் நின்றுதான் துணி வெட்டியிருக்கிறேன், பெடல் மிதித்திருக்கிறேன். வலிக்கவில்லை. உறுத்தக்கூட இல்லை. மறுநாள் அங்கே கொப்புளம், நாலாம் நாள் உடைந்தது, அப்புறம் புண். ஆறுவதற்கு 11 வாரம் ஆயிற்று. மருந்தைவிட, அந்த இடத்தில் பாரம் விழாமல் பார்த்துக்கொண்டதுதான் ஆற்றியது என்று டாக்டர் சொன்னார். முழங்கால் வரை வரும் கட்டோடு பெரும்பாலும் உட்கார்ந்தே இருந்தேன். யோசிக்க நிறைய நேரம் கிடைத்தது.

யோசித்ததில் ஒன்று பிடிபட்டது. சட்டை பொருந்துகிறதா என்று போட்டவரைக் கேட்டால் போதும். "அக்குள் பிடிக்குது", "கழுத்து இறுக்குது" என்று அவரே சொல்லிவிடுவார். மரத்துப்போன காலிடம் அப்படிக் கேட்க முடியாது. அது எதைக் கேட்டாலும் "சரியா இருக்கு" என்றுதான் சொல்லும். அதனால் டேப்பை எடுத்து அளக்க வேண்டும், கண்ணால் பார்க்க வேண்டும். இந்த 6 வருடத்தில் நான் கற்றுக்கொண்டு செய்துவருவதைத்தான் கீழே எழுதியிருக்கிறேன்.

முதலில், கால் ஏன் ஏமாற்றுகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். சர்க்கரை வருடக்கணக்கில் ஏறியே இருந்தால் நரம்புகள் கெடும். உடம்பிலேயே நீளமான நரம்புகள் பாதத்துக்குப் போகிறவை. கேடு அங்கேதான் தொடங்கும், விரல் நுனியில் இருந்து மேலே ஏறும். உணர்ச்சி மட்டும் போவதில்லை. பாதத்துக்குள் இருக்கும் சின்னத் தசைகளும் வலுவிழக்கும். விரல்கள் கொக்கி போல மடங்கி, உடம்புப் பாரம் விரல்களுக்குப் பின்னால் இருக்கும் மேட்டில் போய் விழும். வியர்வை நின்று தோல் காய்ந்து வெடிக்கும். இதோடு ரத்தக்குழாயும் சுருங்கியிருந்தால் வந்த புண் ஆறாது. புகைபிடிப்பவர்களுக்கு இந்தக் கடைசிச் சங்கடம் இன்னும் சீக்கிரம் வரும்.

"எனக்குத்தான் கால் எரியுதே, அப்போ உணர்ச்சி இருக்குன்னுதானே அர்த்தம்" என்று பலர் நினைக்கிறார்கள். நானும் நினைத்தேன். ராத்திரியில் எரிச்சல், ஊசி போல சுருக் சுருக்கென்று குத்தல் எல்லாம் இருந்தது. ஆனால் பட்டன் தெரியவில்லை. கெட்ட நரம்பு தானாகக் கத்தும். வெளியில் இருந்து வரும் சேதியைக் கொண்டுபோய்ச் சேர்க்காது. இரண்டும் ஒரே காலில் ஒரே நேரத்தில் இருக்கலாம்.

வீட்டிலேயே சோதிக்க ஒரு வழி இருக்கிறது. இப்ஸ்விச் தொடு சோதனை என்று பெயர். கருவி எதுவும் வேண்டாம், இன்னொருவரின் ஆள்காட்டி விரல் போதும். கண்ணை மூடிப் படுத்துக்கொள்ளுங்கள். அவர் உங்கள் பெருவிரல், நடுவிரல், சுண்டுவிரல் ஆகியவற்றின் நுனியை ஒன்றிரண்டு விநாடி லேசாகத் தொட வேண்டும். இரண்டு காலிலும் சேர்த்து 6 இடம். அழுத்தக் கூடாது, தட்டக் கூடாது, வருடவும் கூடாது. தொட்டது தெரிந்ததும் வலதா இடதா என்று நீங்கள் சொல்ல வேண்டும். 6-ல் 2 அல்லது அதற்கு மேல் தவறினால் உணர்ச்சி குறைந்திருக்கிறது என்று எடுத்துக்கொண்டு டாக்டரைப் பாருங்கள். என் மனைவி தொட்டபோது நான் 4 தவறவிட்டேன். "தொடு, தொடு" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். அவள் ஏற்கெனவே தொட்டு முடித்திருந்தாள். டாக்டரிடம் போனால் 10 கிராம் அழுத்தத்தில் வளைகிற நைலான் இழையால் குத்திப் பார்ப்பார், 128 ஹெர்ட்ஸ் இசைக்கவையை அதிரவிட்டு எலும்பின் மேல் வைப்பார். இரண்டுமே வலிக்காது.

சரி, இப்போது என் தொழிலுக்கு வருகிறேன்.

தாளும் பென்சிலும்

உணர்ச்சி குறைந்தவர்கள் ஷூ வாங்கும்போது செய்கிற பெரிய தப்பு, ஒரு சைஸ் சின்னதாக எடுப்பது. சரியான அளவைப் போட்டால் காலில் ஒன்றும் இல்லாதது போல இருக்கும். இறுக்கமானதைப் போட்டால்தான் 'போட்டிருக்கிறோம்' என்று தெரியும். அதனால் அதுதான் சரி என்று தோன்றும். நானும் பல வருடம் 6-ம் நம்பர்தான் போட்டேன். அளந்து பார்த்தபோது எனக்கு 7 வேண்டியிருந்தது. அதோடு, ஒரு கம்பெனியின் 7 இன்னொரு கம்பெனியின் 7 போல இருக்காது. நம்பரை நம்பி எதையும் வாங்காதீர்கள்.

சாயங்காலத்தில் அளங்கள். பகல் முழுக்க நடந்து நின்ற கால் கொஞ்சம் வீங்கியிருக்கும். காலை அளவுக்கு வாங்கிய ஷூ சாயங்காலம் பிடிக்கும். வழக்கமாகப் போடும் சாக்ஸைப் போட்டுக்கொண்டு கெட்டியான தாளின் மேல் நில்லுங்கள். உட்கார்ந்து அளக்கக் கூடாது. பாரம் விழும்போது பாதம் நீளவும் செய்யும், அகலவும் செய்யும். குனிந்து நீங்களே வரையாதீர்கள், இன்னொருவரை வரையச் சொல்லுங்கள். பென்சில் நெட்டுக்குத்தாக நிற்க வேண்டும். சாய்த்துப் பிடித்தால் உள்ளே போய்விடும், தாளில் பாதம் மெலிந்துவிடும். இரண்டு காலையும் வரையுங்கள். எனக்கு இடது 25.4 செ.மீ., வலது 24.9. பெரிய காலுக்குத்தான் ஷூ.

குதிகாலின் பின்விளிம்பில் இருந்து நீண்ட விரலின் நுனி வரை நீளம். நீண்ட விரல் சிலருக்குப் பெருவிரலாக இருக்காது, இரண்டாவது விரலாக இருக்கும், அதைப் பார்த்துக்கொள்ளுங்கள். அகலத்தை, பெருவிரல் மூட்டும் சுண்டுவிரல் மூட்டும் துருத்தி நிற்கும் இடத்தில் குறுக்காக எடுங்கள். பிறகு பென்சில் கோட்டின் மேலேயே வெட்டிக்கொள்ளுங்கள். துணி வெட்டுகிற பழக்கத்தில் ஓரம் விட்டு வெட்டிவிடாதீர்கள். நான் முதல் தடவை அப்படித்தான் வெட்டினேன், கை தானாகப் போய்விட்டது.

அந்தத் தாள் பாதத்தை ஷூவின் இன்சோலை உருவி அதன் மேல் வைத்துப் பாருங்கள். எந்தப் பக்கமும் தாள் வெளியே துருத்தக் கூடாது. இன்சோல் உருவ வராத ஷூவாக இருந்தால் தாளை உள்ளே நுழையுங்கள். ஓரம் மடங்கினாலோ சுருண்டாலோ அந்த ஷூவை வைத்துவிடுங்கள். ஷூவின் உள்நீளம் பாதத்தைவிட 1 முதல் 2 செ.மீ. கூடுதலாக இருக்க வேண்டும். என் கணக்குக்கு 26.4-க்குக் குறையக் கூடாது, 27.4-ஐத் தாண்டக் கூடாது. இதற்கு ஒரு அட்டைத் துண்டை விரலகலத்துக்குக் கீறி, ஷூவுக்குள் மூக்கு வரை தள்ளி, குதிகால் விளிம்பில் அடையாளம் போட்டு எடுத்து அளப்பேன். லூஸாக இருந்தால் நல்லதுதானே என்று 3 செ.மீ. விட்டு வாங்காதீர்கள், உள்ளே பாதம் முன்னும் பின்னும் ஓடி உராயும், அதுவும் கொப்புளம்தான்.

நீளமும் அகலமும் தாளில் தெரிந்துவிடும். உயரம் தெரியாது. விரல் மடங்கியிருப்பவர்களுக்கு விரல் முட்டி ஷூவின் கூரையில் இடிக்கும், முட்டி மேல் கால் ஆணி விழும், அதற்கு அடியில் புண் வரும். இன்சோலை உள்ளே வைத்துவிட்டு, ஷூவைப் போட்டு எழுந்து நின்று, விரல்களை ஆட்டுங்கள். ஷூவின் மேல்பக்கத்தில் அசைவு தெரிகிறதா என்று கையை வைத்துப் பாருங்கள். தனியாக மெத்து இன்சோல் வாங்கிப் போடுகிறவர்கள் இங்கேதான் தவறுகிறார்கள்: இருந்த இன்சோலை எடுக்காமல் அதன் மேலேயே புதியதை வைப்பார்கள். அடியில் மெத்தென்று இருக்கும், மேலே விரல் நசுங்கும்.

எதை எடுப்பது, எதை வைப்பது

விரல் இடுக்கில் வார் மாட்டும் செருப்பை நான் விட்டுவிட்டேன். கழன்றுவிடாமல் இருக்க விரல்கள் அதைக் கவ்விக்கொண்டே இருக்கும்; வார் இடுக்கில் அறுக்கும். இதைவிட மோசம், அது கழன்று விழுந்தாலும் தெரியாது. நான் ஒரு நாள் வாசலில் இருந்து தெருமுனை வரை ஒரு காலில் செருப்பில்லாமல் நடந்திருக்கிறேன். பின்னால் வந்த பையன், "தாத்தா, உங்க செருப்பு அங்க கிடக்கு" என்று கூப்பிட்டான். செருப்புதான் வேண்டும் என்றால், குதிகாலைச் சுற்றிப் பின்வார் உள்ளதாக, வார்கள் அகலமாக, உள்பக்கம் மென்மையாக, வெல்க்ரோ வைத்துக் கூட்டிக் குறைக்கிற மாதிரி எடுங்கள். கால் வீங்குகிறவர்களுக்கு வெல்க்ரோ பெரிய உதவி.

ஷூ என்றால் மூக்கு அகன்று உருண்டையாக இருக்க வேண்டும். குதி உயரமாக இருந்தால் பாரம் முன்னால் சரிந்து, ஏற்கெனவே அடிவாங்கும் மேட்டிலேயே போய் விழும். கையை உள்ளே விட்டுத் தடவுங்கள். நான் தையல்காரன் என்பதால் எங்கே தையல் ஓரம் தடித்திருக்கிறது, எங்கே நூல் முடிச்சு நிற்கிறது என்று விரல் உடனே கண்டுபிடித்துவிடும். நீங்கள் மெதுவாகத் தடவினால் உங்களுக்கும் தெரியும். விரல் மேடு உராயும் இடத்தில் தையல் ஓடினால் வேண்டாம். பிறகு ஷூவை இரண்டு கையாலும் வளைத்துப் பாருங்கள். விரல் மூட்டு இருக்கும் இடத்தில் மட்டும் வளைய வேண்டும். நடுவில் மடிந்தால் காலைத் தாங்காது.

அடிப்பாகம் இரண்டு அடுக்காக இருப்பது நல்லது. கால் படும் அடுக்கு, கட்டைவிரலால் அழுத்தினால் அமுங்கி உடனே எழும்ப வேண்டும். தரையில் படும் அடுக்கு ஆணியும் முள்ளும் ஏறாத அளவுக்குக் கெட்டியாக இருக்க வேண்டும். வெறும் மெத்தையை மட்டும் நம்பினால் குண்டூசி நேராக உள்ளே வரும். நான் தைக்கும் அறையில் அது சர்வசாதாரணம். மெத்து அடுக்குக்குப் பலரும் போடுவது எம்.சி.ஆர். என்கிற நுண்ணறை ரப்பர். தொழுநோயால் உணர்ச்சி போன பாதங்களுக்கும் இதைத்தான் போட்டார்கள். 1946-ல் வேலூர் வந்த டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் கையும் காலும் தானாக அழுகி விழவில்லை, வலி தெரியாததால் அடிபட்டு அடிபட்டுத்தான் போகின்றன என்று கண்டவர். பிற்பாடு அமெரிக்காவில் கார்வில் என்ற இடத்தில் வேலை பார்த்தபோது சர்க்கரைக்காரர்களின் கால்களுக்கும் அதே பாடத்தைக் கொண்டுபோனார். ஒரே இடத்தில் ஆயிரக்கணக்கான தடவை விழும் சின்ன அழுத்தமே தோலை உடைத்துவிடும், பெரிய அடி படவே வேண்டாம் என்பதுதான் அந்தப் பாடம். காய்ப்பு விழுந்திருக்கிறது என்றால் அந்த இடம் அளவுக்கு மேல் அடிவாங்குகிறது என்று பொருள்.

ஒரு விரலை எடுத்திருந்தாலோ, பாதத்தின் வடிவம் மாறியிருந்தாலோ, முன்பு புண் வந்திருந்தாலோ, தாள் வைத்துப் பார்த்து ரெடிமேட் வாங்குவது போதாது. பாதத்துக்கு அச்சு எடுத்து, பாரம் எங்கே விழுகிறது என்று பார்த்துச் செய்து தருகிறவர்களிடம் டாக்டர் சீட்டோடு போக வேண்டும். புண் வந்த பிறகு எனக்கும் அப்படித்தான் ஆயிற்று.

புது ஷூவை முதல் நாளே முழுநாள் போடாதீர்கள். முதலில் ஒரு மணி நேரம், அதுவும் வீட்டுக்குள். கழற்றியதும் சிவந்திருக்கிறதா என்று பாருங்கள். சிவப்பு அரை மணி நேரம் கழித்தும் போகவில்லை என்றால் அந்த இடத்தில் ஷூ அழுத்துகிறது; 'போடப் போட இளகிடும்' என்று காத்திருக்காமல் மாற்றுங்கள். சிவப்பு இல்லை என்றால் ஒவ்வொரு நாளும் ஒன்றிரண்டு மணி நேரம் கூட்டலாம்.

வீட்டுக்குள்ளேயும் வெறுங்காலோடு நடக்காதீர்கள். வெறும் சாக்ஸோடும் வேண்டாம். எனக்கு அடிபட்டது வீட்டு அறைக்குள், உட்கார்ந்து செய்கிற வேலையில். ராத்திரி பாத்ரூம் போக எழுந்தாலும் கட்டில் ஓரத்தில் ஒரு ஜோடி தயாராக இருக்கட்டும்.

போடும் முன், கழற்றிய பின்

ஒவ்வொரு தடவையும் ஷூவைக் கவிழ்த்துத் தட்டி, உள்ளே கையை விட்டுத் துழாவி, அப்புறம்தான் கால். கையும் மரத்திருப்பவர்கள் டார்ச் அடித்துப் பார்க்கலாம். பட்டன், கூழாங்கல், சுருண்ட இன்சோல், வெளியே எட்டிப்பார்க்கும் ஆணி, நான் எடுத்தவை இவ்வளவு. ஒரு தடவை என் பேரனின் பொம்மைக் கார்ச் சக்கரம்.

சாக்ஸில் விரல் பக்கம் ஒரு தையல் ஓடும். அது உள்ளே இருந்தால் நாள் முழுக்க விரலை அறுக்கும். தையலே இல்லாத சாக்ஸ் கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் திருப்பிப் போட்டுக்கொள்ளுங்கள், தையல் வெளியே போய்விடும். பார்க்க நன்றாக இருக்காது, ஷூவுக்குள் யார் பார்க்கப் போகிறார்கள்? மேல் எலாஸ்டிக் காலில் வரி விழும்படி இறுக்கக் கூடாது. வெள்ளை சாக்ஸ் வாங்குங்கள், ரத்தமோ நீரோ கசிந்தால் உடனே தெரியும். ஓட்டை விழுந்ததைத் தைத்துப் போடாதீர்கள். தையல்காரனே சொல்கிறேன்.

ராத்திரி கழற்றியதும் பார்ப்பதற்கு எங்கள் வீட்டில் 3 நிமிடம். உள்ளங்கால், குதிகால், ஓரங்கள், முக்கியமாக விரல் இடுக்குகள். குனிய முடியாதவர்கள் தரையில் கண்ணாடி வைக்கலாம், செல்போனில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பார்க்கலாம். பார்வை மங்கலாக இருந்தால் வேறு யாராவது பார்க்க வேண்டும்; சர்க்கரை கண்ணையும் விடுவதில்லை அல்லவா.

தினமும் கழுவுங்கள், ஊறவைக்காதீர்கள். தண்ணீர் 37 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இருக்க வேண்டும். காலை விட்டுச் சூடு பார்க்காதீர்கள், முழங்கையை விட்டுப் பாருங்கள். இடுக்குகளை ஒற்றி ஒற்றித் துடையுங்கள். உலர்ந்த பாதத்துக்குக் கிரீம் தடவலாம், இடுக்குக்குள் வேண்டாம், ஈரம் தங்கிப் பூஞ்சை வரும். நகத்தை நேராக வெட்டுங்கள், ஓரத்தைக் குடையாதீர்கள். கால் ஆணிக்கு ஒட்டும் மருந்துப் பிளாஸ்டர் தோலையும் சேர்த்து அரிக்கும் அமிலம். பிளேடும் அதே ரகம். ஆணியையும் காய்ப்பையும் பயிற்சி பெற்றவர்தான் எடுக்க வேண்டும். வெந்நீர்ப் பையைக் காலில் வைக்காதீர்கள், வெந்துபோவது தெரியாது.

எப்போது ஓட வேண்டும்

கொப்புளம், வெட்டு, நீர்க்கசிவு, கறுத்த இடம், காய்ப்புக்கு அடியில் ரத்தக்கட்டு, எதுவாக இருந்தாலும் அன்றைக்கே காட்டுங்கள். வலி இல்லையே என்று நான் 4 நாள் தள்ளினேன். சிவப்பு பரவினாலோ, சீழ் வந்தாலோ, நாற்றம் அடித்தாலோ, காய்ச்சலோடு சேர்ந்தாலோ மறுநாள் என்ற பேச்சே கூடாது.

புண்ணே இல்லாமலும் ஒரு ஆபத்து வரும். ஒரு பாதம் மட்டும் சிவந்து, வீங்கி, சூடாக இருக்கும். வலி அவ்வளவாக இருக்காது. சார்க்கோ பாதம் என்பார்கள். உள்ளே எலும்பும் மூட்டும் நொறுங்கிக்கொண்டிருக்கும். முதல் எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாமலும் போகலாம். அந்தக் காலை ஊன்றாமல் உடனே டாக்டரிடம் போங்கள். நடந்துகொண்டே இருந்தால் பாதத்தின் வளைவு உடைந்து அடி தட்டையாகிவிடும்.

எனக்கு முன்பு புண் வந்ததால் தோலின் சூட்டையும் அளக்கச் சொல்லியிருக்கிறார்கள். இரண்டு பாதத்திலும் ஒரே இடங்களில் வைத்துப் பார்க்க வேண்டும், 2.2 டிகிரி செல்சியஸுக்கு மேல் வித்தியாசம் இரண்டு நாள் தொடர்ந்தால் நடையைக் குறைத்துவிட்டு டாக்டரைக் கூப்பிட வேண்டும். இதுவரை ஒரே ஒரு தடவை கூப்பிட்டிருக்கிறேன். ஆறிய புண் ஒரு வருடத்துக்குள் சுமார் 40 சதவீதம் பேருக்குத் திரும்ப வருகிறது. அதனால் இந்த வேலையை விடுவதற்கு இல்லை. உணர்ச்சியும் ரத்த ஓட்டமும் நன்றாக இருப்பவர்கள் வருடத்துக்கு ஒரு தடவை காலைக் காட்டினால் போதும். உணர்ச்சி போனவர்கள் 6 முதல் 12 மாதத்துக்கு ஒரு தடவை; அதோடு விரல் கோணலோ ரத்த ஓட்டக் குறைவோ சேர்ந்தால் 3 முதல் 6 மாதம்; என் போல முன்பு புண் வந்தவர்கள் 1 முதல் 3 மாதத்துக்கு ஒரு தடவை.

தாள் பாதங்களைத் தூக்கிப் போடாதீர்கள். தேதி எழுதி வைத்துக்கொண்டு வருடம் ஒரு தடவை புதிதாக வரையுங்கள். போன வாரம் என் பழைய இடது தாளை இந்த வருடத் தாளின் மேல் வைத்துப் பார்த்தேன். நீளம் அப்படியே இருக்கிறது, அகலம் 4 மில்லிமீட்டர் கூடியிருக்கிறது, பெருவிரல் கொஞ்சம் உள்பக்கம் சாய்ந்திருக்கிறது. இப்போது போட்டிருக்கும் ஷூ காலுக்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இரண்டு தாளையும் மடித்துப் பையில் வைத்திருக்கிறேன். செவ்வாய்க்கிழமை டாக்டரிடம் காட்ட வேண்டும்.